ஊழியர் பிழையும் உடையவர் பொறுப்பும்

(வெள்ளி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

25 ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு ஏடும் எழுத்தும் தந்து வந்திருக்கிறது. அக்கல்வியின் ஒரு கூறாகச் சட்ட அறிவும் அமைய வேண்டும் என்று கருதி, இன்று என்னைச் சட்டப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் இது: பணியின் பொருட்டுச் செல்லும் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் வழியில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அதற்கு அவரை அனுப்பிய முதலாளி பொறுப்பாவாரா?

இது வழக்குரைஞர்களுக்கு மட்டுமே உரிய பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் மக்களில் லாரியும் வேனும் டிராக்டரும் ஓட்டிப் பிழைப்போர் பலர். சரக்கு வண்டிகளில் நின்றுகொண்டே வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர். சாலையோரம் நடந்து செல்வோர் அவர்களினும் பலர். விபத்து நேரும் நாளில் ஓட்டியவரும் நம்மவர், அடிபட்டவரும் நம்மவர் என்ற நிலை அரிதன்று. அந்நாளில் வண்டியின் உடையவர், “ஓட்டியவன் செய்த பிழை, எனக்கென்ன தொடர்பு?” என்று ஒதுங்கிக்கொண்டால், ஓர் ஏழைக் குடும்பம் இன்னோர் ஏழைக் குடும்பத்தைப் பார்த்து அழுவதைத் தவிர வேறு வழி இராது. அவ்வாறு ஒதுங்க முதலாளியைச் சட்டம் விடுவதில்லை என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

சட்டத்தின் அடிப்படை

ஒருவர் செய்த தீங்குக்கு அவரே பொறுப்பு என்பது பொது நீதி. இதற்கு விலக்காக, ஊழியர் தம் பணியின் போக்கில் செய்த தவற்றுக்கு முதலாளியும் பொறுப்பாவார் என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற விதி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நீதிமன்றங்களின் வழியாக இவ்விதி நம் நாட்டிற்கு வந்தது. முதலாளியிடம் தனிப்பட்ட குற்றம் ஏதும் இருக்க வேண்டியதில்லை. வண்டி மோதிய நேரத்தில் அவர் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும் பொறுப்பு அவரைச் சென்று சேரும்.

இதற்குக் காரணங்கள் மூன்று. வண்டி ஓடுவதால் வரும் பயன் முதலாளிக்குச் செல்வதால், அவ்வோட்டத்தால் வரும் இழப்பையும் அவர் ஏற்பதே முறை என்பது முதற்காரணம். ஊழியரைத் தேர்ந்தெடுப்பவரும், பயிற்றுபவரும், இத்தனை மணிக்குள் சரக்கு சேர வேண்டும் என்று விரட்டுபவரும் முதலாளியே என்பது இரண்டாவது. நாள் கூலி பெறும் ஓட்டுநரிடம் இழப்பீடு கேட்டால் தீர்ப்பின் தாள் மட்டுமே கைக்கு வரும். முதலாளியிடமோ பணமும் காப்பீடும் உண்டு என்பது மூன்றாவது.

உதயப்பூரில் ஒரு விதவை

இவ்விதி நம் நாட்டில் அரசையே கட்டுப்படுத்திய வரலாற்றைக் கூறுகிறேன். 1952ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ராஜஸ்தான் மாநிலம் உதயப்பூரில் மாவட்ட ஆட்சியரின் அலுவலுக்குரிய ஜீப் ஒன்று பழுது பார்க்கப் பட்டறைக்கு அனுப்பப்பட்டிருந்தது. பழுது நீங்கியபின் தற்காலிக ஊழியரான ஓட்டுநர் அதனைத் திருப்பி ஓட்டி வந்தார். வழியில் நடைபாதையில் சென்றுகொண்டிருந்த ஒருவர்மீது அது மோதியது. மண்டையோடும் முதுகெலும்பும் முறிந்து, மூன்று நாட்களில் அவர் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய மனைவி வித்யாவதியும் மூன்று வயது மகளும் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தனர்.

முதலில் விசாரித்த நீதிமன்றம் ஓட்டுநர்மீது மட்டும் தீர்ப்பளித்து அரசை விடுவித்தது. அத்தீர்ப்பால் அத்தாய்க்கு என்ன பயன் விளைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உயர் நீதிமன்றம் அதனை மாற்றி, அரசு 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. ஆட்சி அதிகாரத்தைச் செலுத்துவதற்காக வைத்திருந்த வண்டி இது. ஆகவே அரசுக்குப் பொறுப்பில்லை என்று மாநில அரசு உச்ச நீதிமன்றம்வரை வாதாடியது. 1962இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மக்கள் நலனுக்காகப் பல துறைகளில் தொழில் நடத்தி, எண்ணற்ற ஊழியர்களை வைத்திருக்கும் குடியரசு, மற்ற முதலாளிகளைப் போலவே தன் ஊழியரின் பிழைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று அது முடிவு செய்தது.

இவ்வழக்கில் கருதத்தக்கது ஒன்று உண்டு. விபத்தின்போது ஆட்சியர் அந்த ஜீப்பில் இல்லை. பட்டறையிலிருந்து வெறுமையாகத் திரும்பிய வண்டி அது. ஆயினும் அப்பயணம் அரசின் பணிக்கான பயணமே. எனவே பணிப் பயணம் என்பது சரக்கோடு செல்லும் வழி மட்டுமன்று. வெறும் வண்டியாய்த் திரும்பும் வழியும் அதில் அடங்கும்.

நாகபுரியிலிருந்து ஒரு கார்

இரண்டாவது வழக்கு 1960 டிசம்பரில் நேர்ந்த விபத்தைப் பற்றியது. பருத்தி அரைவை நிறுவனம் ஒன்றின் மேலாளர், நிறுவன வேலையாக நாகபுரியிலிருந்து பாண்டுர்ணா என்னும் ஊருக்கு நிறுவனத்தின் காரை ஓட்டிச் சென்றார். உடன் வேறொருவரையும் ஏற்றிக்கொண்டார். வழியில் கார் சாலையைவிட்டு வலப்புறம் விலகி ஒரு மரத்தில் மோதியது. உடன் சென்றவர் உயிரிழந்தார். தன் வேலைக்குத் தொடர்பற்ற ஒருவரை மேலாளர் தம் விருப்பத்தால் ஏற்றிச் சென்றார். அதற்குத் தான் பொறுப்பில்லை என்றது நிறுவனம். உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது.

1977இல் உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. தீர்ப்பை எழுதியவர், முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய பி. எஸ். கைலாசம் அவர்கள். மேலாளர் சென்றது நிறுவனத்தின் வேலைக்கு. அத்தகைய பொறுப்பில் இருப்பவர் ஒருவரை உடன் ஏற்றிச் செல்வது அவருடைய அதிகார எல்லைக்குள் வருவதே. ஆகவே நிறுவனம் பொறுப்பு என்று அத்தீர்ப்பு கூறிற்று. மற்றொரு கருத்தும் அதில் உண்டு. அசைவற்று நின்ற மரத்தில் கார் தானே போய் மோதுமானால், கவனக்குறைவை அந்நிகழ்ச்சியே பேசுகிறது. அவ்வாறு அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை எதிர்த்தரப்பைச் சேரும். கண்ணால் கண்ட சாட்சி கிடைக்காத எளியவர்க்கு இக்கருத்து பெருந்துணையாகும்.

எது பணி, எது சொந்தச் சுற்று?

முதலாளியின் பொறுப்புக்கு எல்லை உண்டு. அவ்வெல்லையை இங்கிலாந்து நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுக்கத் தொடங்கின. எசமானின் வேலையாகச் செல்லும்போது சற்றே வழி விலகினாலும் பொறுப்பு எசமானுக்கு உண்டு. வேலையைத் துறந்து முற்றிலும் தன் சொந்த நோக்கத்திற்காகச் சுற்றினால் இல்லை என்று 1834இல் ஒரு வழக்கில் கூறப்பட்டது. 1869இல் இது செயலாயிற்று. மது வணிகர் ஒருவரின் வண்டிக்காரர், சரக்கை இறக்கித் திரும்பும் வழியில், உடனிருந்த எழுத்தரின் சொந்த வேலைக்காக வேறு திசையில் வண்டியைத் திருப்பினார். அங்கு விபத்து நேர்ந்தது. வணிகர் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று.

“நான் அவ்வாறு ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தேன்” என்று முதலாளி கூறித் தப்ப முடியுமா? 1862இல் லண்டன் பேருந்து நிறுவனம் ஒன்று இவ்வாறே கூறிற்று. மற்ற வண்டிகளோடு போட்டியிடாதே, அவற்றை மறிக்காதே என்று ஓட்டுநர்களுக்கு அச்சிட்ட அட்டையே கொடுத்திருந்தது. ஆயினும் மறித்து மோதிய ஓட்டுநர் நிறுவனத்தின் வேலையைத்தான் செய்தார். தவறான முறையில் செய்தார். ஆகவே நிறுவனமே பொறுப்பு என்றது நீதிமன்றம். 1976இல், தடையை மீறிப் பால் வண்டியில் 13 வயதுச் சிறுவனை உதவிக்கு ஏற்றிச் சென்ற பால்காரரின் வழக்கிலும், அச்சிறுவனுக்கு நேர்ந்த காயத்திற்கு முதலாளியே பொறுப்பாக்கப்பட்டார். செய்யும் முறைக்குத் தடை விதித்ததனால் மட்டும் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

ஊழியர் தம் சொந்த வண்டியில் சென்றால் என்ன என்று கேட்கலாம். 1989இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதற்கு விடை கூறிற்று. இரண்டு தொழிலாளர்களைத் தொலைவிலுள்ள மின் நிலையத்திற்கு அவசர வேலைக்கு அனுப்பியிருந்தது ஒரு நிறுவனம். போகவும் வரவும் ஆகும் நேரத்திற்கும் கூலி உண்டு. திரும்பும் வழியில் ஒருவர் ஓட்டிய அவருடைய சொந்தக் கார் சுவரில் மோதி இருவரும் காயமுற்றனர். அக்காருக்குக் காப்பீடு இல்லை. எனினும் கூலி பெறும் நேரத்தில் நடந்த பயணம் என்பதால் நிறுவனம் பொறுப்பாயிற்று. நாள்தோறும் வீட்டிலிருந்து வழக்கமான பணியிடத்திற்குச் செல்லும் பயணம் பொதுவாக இவ்விதியில் அடங்காது; முதலாளி அனுப்ப வேறிடம் செல்லும் பயணம் அடங்கும்.

நம் நாட்டு வழக்கு ஒன்றும் இவ்வெல்லையைக் காட்டும். அகமதாபாத்தில் டாக்சி ஓட்டுமாறு உரிமையாளர் ஒருவரிடம் காரை ஒப்படைத்திருந்தார். அவர் கிளீனரிடம் காரைக் கொடுத்து, உரிமம் பெறுவதற்கான ஓட்டுத் தேர்வுக்கு அனுப்பினார். அப்போது ஒருவர் படுகாயமுற்றார். கிளீனரை ஓட்டவிடும் அதிகாரம் உரிமையாளரால் தரப்படவில்லை என்பதால் அவர் பொறுப்பில்லை என்று 1966இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் அதற்கு மாறான கருத்தைக் கொண்டிருந்தார். கிளீனர் வேலையில் இருக்கும் தம்பிமார்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும். உரிமமின்றி நீங்கள் ஓட்டும் ஒரு சிறு தொலைவு, அடிபடுவோரின் இழப்பீட்டையும் உங்கள் எதிர்காலத்தையும் ஒருசேரக் கெடுத்துவிடக்கூடும்.

இத்தனை வழக்குகளிலிருந்தும் நாம் கைக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த நேரத்தில் அவ்வண்டி யாருடைய வேலைக்காக ஓடிக்கொண்டிருந்தது?

தன் தொழிலாளிக்கு மட்டும் இல்லாத நீதி

வெளியார்க்கு இவ்வாறு இழப்பீடு தந்த சட்டம், அதே முதலாளியிடம் உழைத்தவர்க்கு நெடுங்காலம் கதவடைத்திருந்தது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 1837இல் இங்கிலாந்தில் இறைச்சி வணிகர் ஒருவரிடம் வேலை செய்த இளைஞர், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தார். அவர் கேட்ட இழப்பீடு மறுக்கப்பட்டது. வேலைக்கு வரும்போதே அதிலுள்ள ஆபத்தையும் உடன் உழைப்போரின் பிழையையும் தொழிலாளி ஏற்றுக்கொண்டே வருகிறான் என்னும் கொள்கை இவ்வழக்கிலிருந்து வளர்ந்தது. பசியால் வேலைக்கு வந்தவனை ஆபத்தை விரும்பி ஏற்றவன் என்று கூறிய கொள்கை அது! தொழிலாளர் இயக்கம் வலுப்பெற்ற பின்னரே, 1948இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அதனை முற்றாக நீக்கிற்று.

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், யார் பிழை என்று கேளாமலே, பணியின்போது காயமுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு தர வழி செய்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. வழிப்பயணமும் சிறிது சிறிதாக இப்பாதுகாப்பினுள் வந்தது. பம்பாயில் பணி முடித்து நிறுவனப் பேருந்திலேயே வீடு திரும்பிய ஓட்டுநர் விபத்தில் இறந்த வழக்கில், அப்பயணமும் பணியின் பகுதியே என்று 1963இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. மகாராட்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலர் ஒருவர் 2003இல் பணிக்குச் செல்லும் வழியில் இறந்த வழக்கில், பணியோடு தொடர்புடைய பயணமாயின் இழப்பீடு உண்டு என்று 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

சரக்கு வண்டியில் செல்வோர்க்கு

இனி நம் மக்களை நேராகத் தொடும் ஒன்றைச் சொல்கிறேன். விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். சரக்கு வண்டியில் கட்டணமின்றி ஏறிச் செல்வோர்க்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலும் 2004இலும் தெளிவாக்கிற்று. சரக்கின் உடையவரும் அவரால் அமர்த்தப்பட்டவருமே அதில் அடங்குவர். வண்டி உரிமையாளரிடமே ஏற்றி இறக்கும் பணி செய்வோர் நிலை வேறு. திருமணம் முடிந்து லாரியில் திரும்பியவர் இறந்த 2004ஆம் ஆண்டு வழக்கில், காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. இறுதியில் சுமை உரிமையாளர் தலையில்தான் விழுந்தது.

எனவே காப்பீடு கைவிடும் இடத்தில் எஞ்சி நிற்பது முதலாளியின் பொறுப்பு ஒன்றே. அவரும் கை விரித்தால் குடும்பம் தெருவில் நிற்கும். நாற்று நடவும் கரும்பு வெட்டவும் கட்டட வேலைக்கும் ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்ற வருவோரிடம், மனிதர் செல்வதற்குரிய வண்டியைக் கேட்கும் துணிவை நம் ஊர்ச் சங்கங்கள் பெற வேண்டும். ஒருவர் தனியாகக் கேட்டால் வேலை போகும். ஊரே சேர்ந்து கேட்டால் வண்டி வரும்.

ஓட்டுநர்களுக்கு ஒரு சொல்

முதலாளி பொறுப்பு என்பதனால் ஓட்டுநர் நீங்கிவிட்டார் என்று பொருளன்று. இருவரும் சேர்ந்தே பொறுப்பாளர்கள். குற்ற வழக்கு ஓட்டுநர்மீதே வரும். தாம் செலுத்திய இழப்பீட்டை முதலாளி ஊழியரிடம் திருப்பிக் கேட்கலாம் என்றும் இங்கிலாந்தில் 1957இல் ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆதலால் பிரேக் பழுதுற்ற வண்டியை எடுக்க மறுப்பதும், உறக்கம் மிகுந்தால் நிறுத்துவதும், மதுவைத் தொடாதிருப்பதும் உங்கள் உயிருக்கும் பிறர் உயிருக்கும் நீங்கள் செய்யும் காவல்.

செய்ய வேண்டியவை

விபத்துக்குப் பின் முதலாளி தரப்பிலிருந்து வரும் சொற்கள் பெரும்பாலும் இவையே: “அவன் போன மாதமே வேலையை விட்டுவிட்டான்”, “என்னைக் கேளாமல் வண்டியை எடுத்துச் சென்றான்.” இவற்றுக்கு மறுமொழி காகிதத்தில் இருக்கிறது. டிரிப் ஷீட், லாக் புக், சரக்கு ரசீது, டீசல் பில், பேட்டா வாங்கிய கணக்கு, சுங்கச் சாவடிச் சீட்டு, முதலாளியோடு பேசிய கைப்பேசிப் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் வண்டி யார் வேலைக்கு ஓடியது என்பதைச் சொல்லும் சாட்சி. ஓட்டுநர்கள் இவற்றின் படியை வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டோர் முதல் தகவல் அறிக்கையின் படியையும் மருத்துவச் சான்றுகளையும் உடனே பெற வேண்டும். காவல் நிலைய வாசலில் சிறு தொகை தந்து வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்டால் மறுக்க வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் சேர்த்து மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, நாம் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இக்கெடு பற்றி நீதிமன்றங்களில் வாதம் எழுந்துள்ளது. அதனை நம்பி நாம் நாள் கடத்தலாகாது.

யார் பிழை என்று மெய்ப்பிக்க இயலாவிடினும், உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்திற்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்க அச்சட்டத்தின் 164ஆம் பிரிவு இடந்தருகிறது. மோதிய வண்டி எதுவெனத் தெரியாவிடில், உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் பெற வழி உண்டு.

வழக்குரைஞர்க்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பெண்களுக்கும் தொழில்துறைத் தொழிலாளர்க்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. அது யாரும் இடும் பிச்சையன்று. நாடாளுமன்றம் எழுதி வைத்த உரிமை.

இளைஞர்களே! உதயப்பூர் வழக்கின் தாய், ஓட்டுநர்மீது தீர்ப்புக் கிடைத்ததோடு அமைந்திருந்தால், 1962இன் தீர்ப்பு அவ்வழக்கிலிருந்து பிறந்திராது. விபத்து நடந்து பத்தாண்டுகள் அவர் நின்றார். அவ்வுறுதியால் இந்நாட்டு மக்கள் அனைவரும் பயன்பெற்றனர். அண்ணல் அம்பேத்கர் வழக்குரைஞராகவும் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கியவர் என்பதை இக்கழகத்தாருக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. நம் ஊர்தோறும் மனு எழுதத் தெரிந்த ஓர் இளைஞர், சட்ட உதவி அலுவலகத்துக்கு வழி தெரிந்த ஒரு பெண் இருக்க வேண்டும். அடுத்த 25 ஆண்டுகளில் இக்கழகம் அத்தகையோரை ஊருக்கு இருவராக உருவாக்குமானால், விபத்தால் தலைவரை இழந்த வீட்டில் அடுப்பு அணையாது. அவ்வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு நிற்காது. அப்பணியை இன்றே தொடங்குமாறு உங்களை வேண்டுகிறேன்.